பன்னிரண்டாம் பெட்டியைச் சுமந்தவன்

"மச்சாள், அவனைச் சாக்காட்டிப்போட்டாங்கள்."

காருக்குள் ஏறி, பெல்ட்டும் போடாமல், றோசா சொன்ன முதல் வசனம் இது. எங்கள் வயதுக்காரருக்கு இப்படி ஒன்று காதில் விழுந்தால் எந்த ஊர், எத்தனை பேர் என்றுதான் புத்தி ஓடும். முப்பது வருடப் பழக்கம் சும்மா விடாது.

"ஆரை?" என்று கேட்டேன்.

"சேவியரை."

சேவியர் அவளுடைய அண்ணன். எண்பத்தைந்தாம் ஆண்டு காணாமல் போனவர். நான் சாவியைத் திருப்பவில்லை. ஊரிலிருந்து ஏதோ செய்தி வந்துவிட்டது என்று நினைத்து அவளுடைய கையைப் பிடித்தேன். அவள் உதறிவிட்டு, "புத்தகத்திலை மச்சாள், புத்தகத்திலை!" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அந்தக் கார் தரிப்பிடத்திலேயே இறக்கிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள். றோசா அழுது நான் அதற்கு முதல் இரண்டே தரம்தான் கண்டிருக்கிறேன். ஆகவே இதை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

றோசா என் தம்பி வின்சன்டின் மனைவி. மன்னார்ப் பக்கம். தொண்ணூற்றெட்டில் தம்பி ஸ்பொன்சர் பண்ணி அவளை மொன்றியலுக்குக் கூப்பிட்டான். வந்து மூன்றாம் நாளே பிரெஞ்சு வகுப்பு எங்கே என்று கேட்டாள். நாங்கள் எல்லோரும் குளிருக்குள் போய்ப் பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதிப் படித்தவர்கள். றோசா பலகையைப் பார்க்கவே இல்லை. வாத்தியார் அம்மா வாயால் சொன்னதைக் கேட்டு, கேட்டபடி, தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதினாள். தமிழில் இல்லாத சத்தங்களுக்குத் தானே குறி வைத்துக்கொண்டாள். 'ப'வுக்குக் கீழே கோடு போட்டிருந்தால் அழுத்திச் சொல்ல வேண்டும். மேலே வட்டம் போட்டிருந்தால் மூக்கால் சொல்ல வேண்டும். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள், நான் உட்பட. ஆறு மாதத்தில் அவள் கதைத்த பிரெஞ்சைக் கேட்டு பிரெஞ்சையே தாய்மொழியாகக் கொண்ட கியூபெக்காரரே, "எங்கே பிறந்தீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆனால் எழுத்துப் பரீட்சையில் இரண்டு தரமும் கோட்டை விட்டாள். இன்றைக்கும் அவளுக்குப் பிரெஞ்சு எழுத்தில் ஒரு முழு வசனம் எழுத வராது. வாசிப்பதும் எறும்பு ஊருகிற மாதிரித்தான்.

இந்தக் கொப்பிப் பழக்கம் அவளை விடவில்லை. டொக்டரிடம் போனாலும், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனாலும், கேட்டதெல்லாம் அப்படியே தமிழ் எழுத்தில் ஏறும். எது முக்கியம், எது இல்லை என்ற வித்தியாசம் கிடையாது. ஒருதரம் டொக்டர் நடுவில் தும்மியதையும் எழுதி வைத்திருந்தாள். வின்சன்ட் என்னிடம், "அக்கா, இவளிட்டை வாயைக் குடுக்காதேங்கோ. பிறகு வழக்கு வந்தால் நான் பொறுப்பில்லை" என்பான்.

நாங்கள் இருவரும் கர்க்லாண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நான் சமையலறை. அவள் இரண்டாம் மாடியில் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பாடு கொடுக்கிற வேலை. இரண்டு பேரும் பக்கத்து ஊரான டொலார்ட்டில், இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். காலையில் என் காரில் போய் மூன்றரைக்கு என் காரில் திரும்புவோம்.

இரண்டாம் மாடியில்தான் முசியூ துப்ரே இருந்தார். தொண்ணூற்றிரண்டு வயது. பிரான்ஸ்காரர், ஆனால் பிறந்தது ஆபிரிக்காவில். தகப்பன் அங்கே வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்தில் காணி அளக்கிற உத்தியோகம். பிறகு மொன்றியலுக்கு வந்து பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பித்து, மனைவியைப் பறிகொடுத்து, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தவர். பொல்லாத வாய். என் சூப்பை ஒவ்வொரு நாளும் திருப்பி அனுப்புவார். அவரை எனக்குத் துண்டறப் பிடிக்காது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த மனுசன் முப்பது வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் 'பன்னிரண்டாம் பெட்டி'. கதை இதுதான்: ஒரு வெள்ளைக்கார அளவையாளன் பெரிய ஆறு ஒன்றின் முடிவைத் தேடிப் போகிறான். பன்னிரண்டு பெட்டிச் சாமான். தூக்குவதற்குக் கறுத்த ஆட்கள். சிங்கம் வருகிறது, காய்ச்சல் வருகிறது, எதிரிகள் வருகிறார்கள், எல்லாவற்றையும் அவன் வெல்லுகிறான். பன்னிரண்டு பேர் சுமக்க ஒருவன் கைவீசி நடக்கிறான், அவனுக்கு வீரன் என்று பெயர். றோசா இந்தக் கதையைக் காரில் வரும்போது எனக்குச் சொல்லச் சொல்ல நான் இப்படித்தான் நக்கலடித்துக்கொண்டு வருவேன்.

முப்பது அத்தியாயத்தில் இருபத்துநாலை அவரே தட்டச்சில் அடித்து முடித்திருந்தார். பிறகு பாரிசவாதம் வந்து வலது கை போய்விட்டது. ஒரு நாள் றோசாவிடம், "உனக்கு எழுதத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். அவள் தெரியும் என்றாள். பொய் இல்லை. எந்த எழுத்தில் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

இரண்டு மணியிலிருந்து அவளுக்கு இடைவேளை. அந்த அரை மணித்தியாலம் அவர் சொல்ல இவள் எழுதினாள். நாலாம் நாள் அவர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இது என்ன, புழுவா ஊருகிறது?" என்றார். றோசா கொப்பியைத் திரும்ப வாங்கி வாசித்துக் காட்டினாள். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும், அவர் சொன்ன இழுவையோடே வந்தது. மனுசன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நேர்ஸ் ஓடிவர வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு கொப்பிகளை அவருடைய மேசை லாச்சிக்குள் வைத்தார்கள். முடிந்ததும் மகளைக் கூப்பிட்டு, றோசா வாசிக்க மகள் தட்டச்சில் அடிப்பது என்று பேச்சு.

இருபத்தேழாம் அத்தியாயத்தில் சண்டை வந்தது. பன்னிரண்டாம் பெட்டியைத் தூக்கி வருகிறவன் ஒருவன் இருக்கிறான். மற்றவர்கள் எல்லோரும் ஓடிப்போக, அவன் மட்டும் வெள்ளைக்காரனுடன் கடைசிவரை வருகிறான். அவனுக்குப் பெயர் இல்லை. 'பன்னிரண்டாமவன்' என்றே முழுக்கதையிலும் வருகிறது. றோசா கேட்டாள், "இவனுக்கு என்ன நடக்கும்?"

"ஆற்றில் மூழ்கிச் சாவான். பெட்டியைக் காப்பாற்றிவிட்டுச் சாவான். வாசிக்கிறவர்கள் அழுவார்கள்."

றோசா கொப்பியை மூடினாள். "அப்படியென்றால் நான் எழுத மாட்டேன், முசியூ."

அதைக் காரில் வந்து அவள் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

அவளுக்குப் பதினேழு வயதில், ஆயுதம் வைத்திருந்த சிலர் அவர்களுடைய ஊருக்கு வந்தார்கள். காட்டுப் பாதையால் மூட்டை சுமக்க ஆட்கள் தேவை, இரண்டே நாள் வேலை என்றார்கள். இருபது வயதுச் சேவியரையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிப்போனார்கள். எந்த ஆயுதக்காரர் என்று றோசா ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மற்ற மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். சேவியர் வரவில்லை. ஒருவன், ஆற்றங்கரையில் கடைசியாகக் கண்டேன், முதுகில் மூட்டை இருந்தது என்றான். அவ்வளவுதான். தாய் சாகும்வரை மகனுக்குத் தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுக்க விடவில்லை. அது செத்தவர்களுக்குக் கொடுக்கிற பூசை அல்லவா.

நவம்பர் மாதம் மரித்தவர்களின் மாதம். எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கோவிலில், ஒக்டோபர் கடைசி ஞாயிறு, பின்கதவடியில் மேசை போட்டு, ஒவ்வொரு குடும்பமும் தங்கள் மரித்தவர்களின் பெயரைக் கொடுக்கும். நவம்பர் இரண்டாம் திகதிப் பூசையில் பங்குச் சுவாமி அவற்றை வாசிப்பார். பதினொரு வருடமாக அந்தப் பட்டியலை எழுதுகிறவள் நான். ஒவ்வொரு வருடமும் றோசா தாய் தகப்பன் பெயரைச் சொல்லுவாள். ஒவ்வொரு வருடமும் நான், "சேவியரையும் எழுதட்டோ? ஒரு செபமாவது கிடைக்கட்டுமே" என்பேன். "விடுங்கோ மச்சாள்" என்றுவிட்டுப் போய்விடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். நாற்பது வருடம் ஆகப்போகிறது, இன்னும் என்ன என்று வின்சன்டிடம் புறுபுறுத்திருக்கிறேன். என்னுடைய ஆட்கள் எல்லோரையும் நான் கண்ணால் கண்டு அடக்கம் செய்தவள். எனக்கு அது விளங்கவில்லை.

ஐந்து நாள் றோசா பேனை எடுக்கவில்லை. அவரைக் குளிப்பாட்டினாள், தலை வாரினாள், சூப் ஊட்டினாள். இரண்டு மணிக்குக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். ஆறாம் நாள் மனுசன் இறங்கி வந்தார். பெட்டி தூக்குகிறவன் சாகவில்லை. அவனுக்குச் சேவியர் என்று பெயரும் வந்தது. முப்பதாம் அத்தியாயம் முடிந்த அன்று இரண்டு பேரும் இயந்திரத்தில் வாங்கிய கோப்பி குடித்துக் கொண்டாடினார்கள்.

அடுத்த வாரம் அவருக்குச் சளிக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே முடிந்துவிட்டார்.

மகள் எலேன் ஒரு பின்னேரம் வந்து அறையைத் துப்புரவாக்கினாள். அறுபத்தைந்து வயது இருக்கும். டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. லாச்சியைத் திறந்து நாலு கொப்பியையும் எடுத்துப் புரட்டினாள். தமிழ் எழுத்து. "இவை உங்களுடையவை போல, றோசா" என்று கையில் கொடுத்துவிட்டாள். அது உங்கள் அப்பாவின் கதை என்று றோசா சொல்லவில்லை. ஒன்று, அந்த மனுசி அழுத கண்ணோடு நின்றாள். இரண்டு, இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் முதியவர்களின் சொந்த அலுவல்களில் தலையிடக் கூடாது என்று சட்டம் இருந்தது. மூன்று, செத்த கிழவனின் கதையை இனி யார் அச்சடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். கொப்பிகள் அவள் வீட்டு அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே போய்விட்டன.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு செப்டெம்பர் நாள், எங்கள் இல்லத்து லிப்டுக்குள் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. இங்கே வாழ்ந்த முசியூ துப்ரேயின் வீரசாகச நாவல் அடுத்த மாதம் வெளிவருகிறது, எல்லோரும் வாருங்கள் என்று மகள் போட்டிருந்தாள். கீழே கதைச் சுருக்கம். விசுவாசமுள்ள சுமைகாரனின் மறக்க முடியாத மரணம் என்று அதில் ஒரு வரி. மரணம் என்ற பிரெஞ்சுச் சொல்லை மட்டும் றோசா எழுத்திலும் உடனே கண்டுபிடிப்பாள். எங்கள் வேலை அப்படி. லிப்டில் மூன்று தரம் மேலும் கீழும் போய் அந்த வரியை எழுத்துக் கூட்டி வாசித்து முடித்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் காருக்கு வந்தாள்.

நான் அவளுக்குச் சொன்ன புத்தி இதுதான்: "பேசாமல் இரு. நீ போய்ச் சொன்னால், வேலை நேரத்திலை என்ன எழுதினனீ எண்டு கேப்பாங்கள். இருக்கிற வேலையும் போயிடும். அது கதைதானே றோசா. அவன் இருந்தாலென்ன, செத்தாலென்ன?"

"இடைவேளையிலைதான் எழுதினனான்" என்றாள். பிறகு, "நீங்கள் உங்கட ஆக்களை எல்லாம் எழுதியாச்சு மச்சாள். உங்களுக்கு அது கதை" என்றாள்.

சுள்ளென்று குத்தியது. சாவியைத் திருப்பிக் காரை எடுத்தேன்.

வின்சன்ட் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முதலே எனக்குப் போன் எடுத்தான். "அக்கா, இவள் சமைக்கேல்லை. கொப்பியளை விரிச்சு வைச்சுக்கொண்டு கட்டில்லை இருக்கிறாள். நீங்கள் அந்த மனுசன்ரை மகளிட்டை இவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் போனால் மனுசியோடை சேர்ந்து நானும் அழுதுபோடுவன்." என் தம்பி அப்படித்தான். விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரும்பு கடைகிறவன், மனம் மட்டும் பஞ்சு.

திங்கட்கிழமை இருவரும் லீவு போட்டோம். காரை மெட்ரோ நிலையத்தில் விட்டு, ரயில் ஏறி, பச்சை லைனுக்கு மாறி, அந்த நூலகத்துக்குப் போனோம். றோசா கோவிலுக்கு உடுத்துகிற சட்டை போட்டிருந்தாள். கொப்பிகள் மளிகைக் கடைப் பையில். எலேன் எங்களைத் தன் சின்ன அறைக்குள் இருத்திக் கதவைச் சாத்தினாள். கால் மணித்தியாலம்தான் இருக்கிறது, பிறகு கூட்டம் என்றாள். மரியாதையான மனுசி. ஆனால் கண் மணிக்கூட்டில் இருந்தது.

அவளிடம் இருபத்துநாலு அத்தியாயமும், மிச்சத்துக்குத் தகப்பன் பத்து வருடத்துக்கு முன் எழுதி வைத்த ஒரு குறிப்பும் இருந்தன. அந்தக் குறிப்பில் சுமைகாரன் ஆற்றில் சாகிறான். தகப்பனின் விருப்பப்படியே கடைசி ஆறு அத்தியாயத்தையும் தானே இருந்து எழுதி முடித்திருக்கிறாள். அவள் ஒரு பிழையும் செய்யவில்லை. பத்து நாளில் அச்சுக்குப் போகிறது.

றோசா பையிலிருந்து கொப்பிகளை எடுத்து மேசையில் வைத்தாள். "மிச்சம் இதில் இருக்கிறது, மேடம்."

எலேன் திறந்து பார்த்தாள். "இது உங்கள் மொழி, றோசா."

"இல்லை மேடம். உங்களுடையது."

எலேன் என்னைப் பார்த்தாள், இவளுக்கு ஏதும் சுகமில்லையா என்று கேட்கிற பார்வை. "மன்னித்துக்கொள்ளுங்கள். இவை அப்பாவின் சொற்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். நியாயமான கேள்விதான். இருந்தும் எனக்கு மூக்கு நுனிவரை கோபம் வந்துவிட்டது. நான் வாயைத் திறக்க முதல் றோசா மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

லு ஃப்ளேவ் ஏத்தே நுவார். ஆறு கறுப்பாய்க் கிடந்தது.

எழுந்து போகக் கதிரையில் ஊன்றியிருந்த கையை எலேன் எடுத்தாள். வந்தது றோசாவின் குரல்தான். ஆனால் இழுவை அவருடையது. வசனத்தின் நடுவில் நின்று மூச்சு வாங்குவது அவருடையது. றோசா மூச்சு வாங்கியதற்கும் ஒரு குறி போட்டிருந்தாள். ஆற்றங்கரை, கூடாரம், மழை என்று ஒரு பக்கம் போனது. அதே இழுவையில், அதே வேகத்தில் அடுத்த வசனமும் வந்தது: "யன்னலைச் சாத்து றோசா, காலுக்குள் குளிர் போகிறது. இந்த சூப் ஆறிவிட்டது. ஆறாவிட்டாலும் இது சூப் இல்லை, சட்டி கழுவின தண்ணீர்."

அது என் சூப். எலேன் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பாதான்" என்றாள்.

றோசா கேட்டதெல்லாம் எழுதுகிறவள் அல்லவா. கதை எங்கே முடிகிறது, மனுசன் தன் பாட்டில் முனகுவது எங்கே தொடங்குகிறது என்று பிரித்து எழுத அவளுக்கு வரவில்லை. பழைய தும்மல் பிழைதான். ஆனால் தான் சொன்னதை ஒரு இடத்திலும் எழுதவில்லை. அவர் வாயிலிருந்து வந்தது மட்டும்தான் கொப்பியில் இருந்தது.

"இதை நான் விட்டு வாசிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"ஒன்றும் விடாதீர்கள்" என்றாள் எலேன். மணிக்கூட்டை அதற்குப் பிறகு அவள் பார்க்கவில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்ட போனையும் எடுக்கவில்லை.

இருபத்தேழாம் அத்தியாயம் வந்தது. மனுசன் இறங்கி வந்த அந்த ஆறாம் நாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளங்கியதை எழுதுகிறேன். அவர் சொன்னது:

"சரி. ஐந்து நாளாகப் பேனை தொட மாட்டேன் என்கிறாய். பிடிவாதக்காரி. நீ எலேன் மாதிரி. அவளுக்கு ஏழு வயதில் இந்தக் கதையைத்தான் சொல்லுவேன், கட்டிலைப் படகாக்கி. சிங்கத்தைப் பற்றிக் கேட்கமாட்டாள். ஆறு எங்கே முடிகிறது என்று கேட்கமாட்டாள். பெட்டி தூக்குகிறவன் சாப்பிட்டானா அப்பா என்று கேட்பாள். ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. பேசாமல் படு என்பேன். எனக்குப் பதில் தெரியாது. சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பெட்டிகளைத் தூக்கியவர்கள் எங்கே சாப்பிட்டார்கள் என்று நான் பார்த்ததே இல்லை. அவள் பிறகு கேட்கவில்லை. இப்போது நீ வந்திருக்கிறாய். எடு பேனையை. அவன் சாகவில்லை."

றோசா பக்கத்தைத் திருப்பினாள். "உன் அண்ணனுக்கு என்ன பெயர்?" என்று அவர் கேட்டிருந்தார். அடுத்த வரி வெறுமையாக இருந்தது. அதற்கு அடுத்தது: "சேவியர். நல்லது. பாதிரிமார் வைத்த பெயராக இருக்கட்டும். எழுது, சேவியர் பெட்டியை இறக்கி வைத்தான்."

எலேன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அறுபத்தைந்து வயது மனுசி, முகம் ஏழு வயதுக்குப் போயிருந்தது. துப்ரேயை எனக்குப் பிடிக்காது என்று மேலே எழுதினேன். அந்த நேரத்தில் அந்த மனுசனுக்கு ஒரு கோப்பை நல்ல சூப் காய்ச்சிக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

"நான் அதை மறந்தே போனேன்" என்றாள் கடைசியில். பிறகு, "அவன் சாப்பிட்டானா, றோசா?" என்று கேட்டாள்.

"ஓம் மேடம்." அவசரத்தில், ஆம் என்பதைத் தமிழில் ஓம் என்றுவிட்டாள். "இருபத்தொன்பதாம் அத்தியாயத்தில். சுட்ட மரவள்ளிக்கிழங்கு."

எலேன் அங்கேயே பதிப்பகத்துக்குப் போன் எடுத்தாள்.

ஒக்டோபரில் வர இருந்த புத்தகம் சித்திரைக்குத் தள்ளிப்போனது. பத்துத் திங்கட்கிழமை றோசா பச்சை லைனில் போய் வாசிக்க, எலேன் தட்டச்சில் அடித்தாள். பதிப்பகத்தார் முகம் சுளித்தார்களாம். புதிய முடிவில் சுமைகாரன் பெட்டியை ஆற்றங்கரையில் இறக்கி வைத்து, கிழங்கைச் சுட்டுத் தின்று, கை கழுவி, தன் ஊருக்குப் போகிற பாதையில் நடக்கிறான். வெள்ளைக்காரன் கூப்பிடுகிறான். அவன் திரும்பவில்லை. கடைசியில் வீரன் தானே பெட்டியைத் தூக்கித் தலையில் வைக்க வேண்டியிருக்கிறது. கதாநாயகனைக் கோமாளி ஆக்கிவிட்டீர்களே என்று கேட்டார்களாம். அப்பா அப்படித்தான் சொன்னார் என்று எலேன் ஒரே பிடியாக நின்றாள்.

அவர் உண்மையில் அதைத்தான் விரும்பினாரா, இல்லை பேனை இவள் கையில் இருந்தபடியால் இறங்கிவந்தாரா என்று நான் ஒருநாள் காரில் கேட்டேன். "கை என்ரை, வாய் அவரின்ரை" என்றாள் றோசா. அதற்குமேல் அவளிடம் கதை வாங்க முடியாது.

வெளியீட்டுக்கு மூவரும் போனோம். வின்சன்ட் கழுத்துப்பட்டி கட்டி வந்தான், வாசலிலேயே அழத் தொடங்கிவிட்டான். புத்தகத்தில் நன்றி சொல்லும் பக்கத்தில் றோசாவின் பெயர் இல்லை. இல்லத்தில் கேள்வி வரும் என்று அவளேதான் வேண்டாம் என்றாள். எனக்கு அது இன்றைக்கும் வயிற்றெரிச்சல். வீட்டுக்கு வந்து கடைசிப் பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசித்து முடிக்க அரை மணித்தியாலம் எடுத்தது. சேவியர் என்ற பெயரில் விரலை வைத்தபடி இருந்தாள். வின்சன்ட் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

போன ஒக்டோபர் கடைசி ஞாயிறு, வழக்கம்போல மேசை போட்டு இருந்தேன். வெளியே முதல் பனி தூறிக்கொண்டிருந்தது. றோசாவின் முறை வந்தது. தாய் பெயர் சொன்னாள், எழுதினேன். தகப்பன் பெயர் சொன்னாள், எழுதினேன். அந்த வருடம் நான் சேவியரைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவ்வளவுக்காவது எனக்கு விளங்கியிருந்தது.

ஆனால் அவள் போகவில்லை.

"மச்சாள், பேனையைத் தாங்கோ."

தாளைத் தன் பக்கம் திருப்பி, தானே எழுதினாள். சேவியர். நாலு எழுத்தையும் ஆறுதலாக எழுதினாள்.

"றோசா, என்ன இது? ஏதும் அறிஞ்சனியோ?"

"ஒண்டும் அறியேல்லை."

"அப்ப ஏன்? இவ்வளவு காலமும் நான் கேட்ட நேரமெல்லாம் மாட்டன் எண்டனீ."

"இவ்வளவு காலமும் அவன் காட்டுக்குள்ளை மூட்டையோடை நிண்டவன், மச்சாள். நடு வழியிலை நிக்கிறவனை எப்பிடி இதுக்குள்ளை எழுதிறது?" பேனையை என் கையில் திருப்பித் தந்தாள். "இப்ப இறக்கி வைச்சு, சாப்பிட்டு, வீட்டை வந்திட்டான். இனி எழுதலாம்."

பதினொரு வருடம் அவளை நச்சரித்தவள் நான். அவள் எழுதிய பெயரைப் பார்த்துக்கொண்டு, ஐயோ, அவனை இன்னும் ஒரு வருடம் உயிரோடு விட்டிருக்கலாமே என்று அழுதேன். பின்னால் நின்ற அருமைநாதன் அண்ணை தன் பட்டியலை நீட்டியபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

இரண்டாம் திகதிப் பூசையில் சுவாமி பெயர்களை வாசித்தார். சேவியர் என்று வந்தபோது றோசா தலை குனியவில்லை. கூட்டத்தில் தன் ஆளின் பெயரைக் கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். பூசை முடிய அவளைக் காரில் ஏற்றினேன். ஏறியவுடன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "பசிக்குது மச்சாள், வீட்டை போவம்" என்றாள்.